சிலேட்டை முதலில் அழிக்கிற வழக்கம்

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற நிரல்களெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு மீன்பிடித் துறையில் அலையரசி என்றொரு நிரல் இருந்தாள். சி மொழியில் எழுதப்பட்டவள். காற்று மாறினால் சங்கை ஊதவைத்துப் படகுகளைத் திரும்பக் கூப்பிடுவதுதான் அவள் வேலை.

ஆனால் சங்கை ஊதும் வித்தை அவளிடம் இல்லை. அது பொது லைப்ரரியில் இருந்தது. லைப்ரரியைத் திறக்கச் சொல்லிவிட்டு, வேண்டியதன் பெயரைச் சொன்னால் போதும். வாசலில் இருக்கும் லோடர் அது இருக்கிற இடத்தின் எண்ணைக் கையில் கொடுப்பார். அந்தப் பெயரே அங்கே இல்லையென்றால் கையில் எதுவும் தராமல், தன் சிலேட்டில் "இல்லை" என்று எழுதிவைப்பார். வெறுங்கையைப் பார்த்து முடிவுக்கு வர முடியாது; லைப்ரரியில் இருக்கிற சில பெயர்களுக்கும் வெறுங்கைதான் சரியான பதில். அதனால் எல்லோரும் சிலேட்டைத்தான் பார்ப்பார்கள். படித்ததும் லோடர் அழித்துவிடுவார்.

ஒருநாள் காலையில் அலையரசி சும்மா ஓர் ஆசைக்கு, "அண்ணே, மேளம் இருக்கா?" என்று கேட்டாள். அதற்குள் காற்று திரும்பிவிட்டது. சிலேட்டைப் பார்க்காமலே, "அண்ணே, சங்கு! சீக்கிரம்!" என்றாள்.

லோடர் எண்ணைக் கொடுத்தார். அவள் சிலேட்டைப் பார்த்தாள். "இல்லை" என்றிருந்தது. எண்ணைக் கீழே போட்டுவிட்டாள்.

கரையில் செல்சியா கைப்பிள்ளையோடு நின்றிருந்தாள். அவள் புருஷன் ஜெரோன் கடலில் இருந்தான். "இன்னும் சங்கு ஊதலையே, மாதாவே!" என்று அவள் சொன்னது சங்குக் கம்பத்து மைக் வழியாக அலையரசிக்குக் கேட்டது.

திரும்பக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"அண்ணே, நேத்து வரைக்கும் இருந்த சங்கு எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை. இப்பத்தானே எண் கொடுத்தேன்?"

"சிலேட்டில் இல்லைன்னு இருந்துச்சே!"

"அது மேளத்துக்கு எழுதினது, தாயே! நீ படிச்சாத்தானே நான் அழிப்பேன்? இங்கே என்ன கல்யாணமா நடக்குது, மேளம் கேட்கிறதுக்கு?"

இப்போது சிலேட் சுத்தமாக இருந்தது. அவள் மறுபடி, "சங்கு" என்றாள். எண் வந்தது. சிலேட்டில் ஒரு எழுத்தும் விழவில்லை. சங்கு ஊரே அதிர ஊதியது.

படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. கடைசியாக வந்தது ஜெரோனின் படகு. செல்சியா அழுதுகொண்டே, "இவ்வளவு நேரம் தூங்கிட்டா இருந்துச்சு அந்தச் சங்கு?" என்று திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் அலையரசிக்கு மூச்சே வந்தது.

லைப்ரரியில் ஒரு பெயரைத் தேடப் போகிற நிரல்கள், பழைய புகாரை முதலில் படித்து அழிக்கவைத்துவிட்டு, அப்புறம் பெயரைச் சொல்லி, மறுபடியும் ஒருமுறை சிலேட்டைப் பார்க்கிறதெல்லாம் அன்று முதல்தான்.