மீன் தின்னாதவர்

அந்தச் சாவு வீட்டில் நடந்ததை யாருக்காவது சொல்லும்போது எங்காவது பிசகிவிடுவோமோ என்று தனபாக்கியத்துக்கு இன்றைக்கும் பயம்தான். ஒப்பாரியில் ஒரு சொல் இடறினாலே இரண்டு நாள் சோறு இறங்காதவள் அவள்.

ஆனால் குரல் அப்படிப்பட்ட குரல். வாயைத் திறந்தால், பந்தல் போட வந்தவனும் கண்ணைத் துடைத்துக்கொள்வான். நாற்பது வயதுக்கு மேல்தான் பச்சையம்மாளிடம் பாட்டுக் கற்க வந்தாள். குரு அவளைவிட நான்கு வயது இளையவள்.

அன்று, டிராக்டர் ஓட்டும் வேலாயுதம் இறந்த வீடு. தலைமாட்டில் அவர் மனைவி குப்பம்மாள். தனபாக்கியம் எடுத்தாள்:

"உழுத வண்டி வாசலிலே – அத
ஓட்டினவர் பாயினிலே..."

கூட்டம் உடைந்து அழுதது. அவள் குரலை இன்னும் ஏற்றினாள். குப்பம்மாள் மட்டும் அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கண்ணை மூடிப் பாடிய தனபாக்கியம் அதைப் பார்க்கவில்லை.

சட்டென்று பச்சையம்மாள் பாட்டைப் பிடுங்கிக்கொண்டாள்:

"கெண்டமீனு கொழம்பு வச்சா
கேட்டு வாங்கித் தின்னவரே..."

"ஐயோ, அவரு மீனே தொடமாட்டாரே!" என்று குப்பம்மாள் கத்தினாள். கத்தியதில் மூச்சு வந்தது. மூச்சோடு அழுகை வந்தது.

யாரோ சிரித்தார்கள். "இவளெல்லாம் ஒரு பாட்டுக்காரி! செத்தவரைப் பத்திகூட கேட்டுக்காம வந்துட்டா" என்றாள் ஒருத்தி.

பச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தனபாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை.

"வாத்தியாரம்மா, அவர் மீன் திங்கமாட்டார்னு காலையில நான்தானே சொன்னேன்?"

"சொன்னீங்க."

"மறந்துட்டீங்களா?"

"இல்லக்கா."

"பின்னே? ஊரே சிரிச்சுதே. உங்க பேர் என்னாகும்?"

"பேருக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு மூச்சு முட்டாது."

"என் பாட்டுல ஏதாச்சும் குறையா?"

"குறையா? நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அப்படிப் பாட வராது."

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"நீங்க பாட்டைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் அவ மூக்கைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பஸ் வந்தது. தனபாக்கியம் ஏறவும் மறந்து நின்றாள்.

அடுத்த சாவு வீட்டில், பாடுவதற்கு முன் அவள் இறந்தவரின் தங்கையைத் தனியே கூப்பிட்டாள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் கேட்டாள். கடைசியாக, பிடிக்காதது என்ன என்றும் கேட்டாள்.

"பாகற்காய்" என்றாள் தங்கை.

முந்தானையில் முடிந்துகொள்வதுபோல் அதை மனசில் முடிந்துகொண்டாள். பிறகு இறந்தவரின் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு பாட ஆரம்பித்தாள்.