மாராத்தாளின் மோட்டார்

கோயம்புத்தூரில் நஞ்சப்பன் என்றொரு பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். அவர் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் வெளிநாட்டு மோட்டார்கள் மலிவு விலையில் வந்து இறங்கின. மோட்டாருக்கு இரும்பு வார்க்கும் ஊர் பவுண்டரிகள் ஒவ்வொன்றாக உலையை அணைத்தன. வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் கட்டடங்களுக்கு மண் சுமக்கப் போனார்கள்.

நஞ்சப்பன் ஒரு சிறிய புத்தகம் எழுதினார். நம் தொழில் கால் ஊன்றும்வரை வெளிநாட்டு மோட்டாருக்கு வரி போடுங்கள் என்பதுதான் அதன் சாரம். பெரிய படிப்பாளிகள் சிரித்தார்கள். அவர் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஆறு வருடம் கழித்து வரி வந்தது. உலைகள் மறுபடி எரிந்தன.

முப்பது வருடம் போனது. வரியை இன்னும் பத்து வருடம் நீட்டிக்கலாமா என்று பார்க்க அரசு ஒரு குழு அமைத்தது. அறிக்கை எழுதும் பொறுப்பு தெய்வானைக்கு வந்தது. அவள் நஞ்சப்பனிடம் படித்தவள். இப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் காலை அவரைத் தேடி வந்தாள்.

"வரியை எடுத்தா எட்டாயிரம் பேர் வேலை போயிரும்ங்கறாங்க, ஐயா. வெச்சா விவசாயிக்கு நஷ்டம்ங்கறாங்க. ரெண்டு பக்கமும் புள்ளிவிவரம் இருக்கு. நான் எதை எழுதட்டும்?"

"ஒரு மோட்டாரைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கியா, அம்மிணி?"

"இல்லைங்க ஐயா."

"நானும் பார்த்து ரொம்ப நாளாச்சு. வா, போலாம்."

அன்னூர் பஸ்ஸில் ஏறினார்கள். வழியில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் ஆட்கள் கயிறு இழுப்பதைக் கண்டதும் அவர் அவளையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். அங்கே மாராத்தாள் என்கிற பெண், இரண்டு ஆட்களோடு கிணற்றுக்குள்ளிருந்து மோட்டாரைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பாதித் தோட்டத்துக்குச் சின்ன வெங்காயம், தண்ணீர் இல்லாமல் தாள் நுனி கருகி நின்றது.

"என்னாச்சுங்க?" என்றார் நஞ்சப்பன்.

"மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற காயில் பொசுங்கிப் போச்சுங்க. இந்த வருசத்துல இது நாலாவது தடவை. முன்னெல்லாம் செம்புக் கம்பி தடியா இருக்குமாம். இப்ப நம்மூர் கம்பெனிக்காரங்க நூலாட்டம் போடறாங்கன்னு காயில் கட்டறவர் சொல்றாரு."

"வேற மோட்டார் வாங்கலாமே?" என்றாள் தெய்வானை.

"வெளிநாட்டு மோட்டார் நல்லாருக்குமாம். எங்களுக்குக் கட்டுபடியாகாதுங்க. அதுக்கு என்னமோ வரியாம். எந்தப் புண்ணியவான் போட்டானோ."

தெய்வானை தரையைப் பார்த்தாள்.

"நான்தாங்க," என்றார் நஞ்சப்பன்.

மாராத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படிங்களா? அப்புறம் எதுக்கு நின்னு பார்க்கறீங்க? அந்தப் பக்கம் கயித்தைப் பிடிங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். தெய்வானையும் பிடித்தாள். மோட்டார் மேலே வந்து, வண்டியில் ஏறும்வரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள். பிறகு பஸ் ஏறித் திரும்பினார்கள். அவருடைய உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது.

மறுநாள் விசாரணை. மோட்டார் கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுடைய சங்கத் தலைவர் திருமூர்த்தி எழுந்து வந்து, நஞ்சப்பனைக் கைபிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

குழு கருத்துக் கேட்டபோது நஞ்சப்பன் சொன்னார்: "வரியை நாளைக்கே எடுத்துராதீங்க. எடுத்தா எட்டாயிரம் குடும்பம் தெருவுக்கு வந்துரும். மூணு வருசத்துல கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு எடுத்துருங்க. அதுவரைக்கும், ஒரு வருசத்துக்குள்ள காயில் பொசுங்குனா கம்பெனிக்காரரே புது மோட்டார் குடுக்கணும்னு விதி போடுங்க."

அறை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. திருமூர்த்தி எழுந்தார்.

"ஐயா, எங்க ஆபீஸ்ல உங்க படத்தை மாட்டி வெச்சிருக்கறோம்!"

"அதைக் கழட்டிருங்க. அந்த ஆணியில ஒரு பொசுங்குன காயிலை மாட்டுங்க."

"வெளிநாட்டுக்காரனுக்கு எங்களைக் காட்டிக் குடுத்துட்டீங்க. உங்க வாயால நீங்களே!"

நஞ்சப்பன் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வழக்கமாக அவரை வீட்டில் இறக்கிவிடும் சங்கத்துக் கார் அன்றைக்கு வாசலில் இல்லை. அவர் எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் தெய்வானை அங்கே வந்தாள். அவர் இரண்டு டீ சொன்னார். அவள் தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளு."

"முப்பது வருசமா நீங்க சொன்னது தப்பா?"

"இல்லை. முதல் பத்து வருசம் சரி. அந்த வரி இல்லேன்னா இன்னைக்கு இந்த ஊர்ல காயில் கட்டத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க."

"மீதி இருபது வருசம்?"

அவர் டீயைக் குடித்து முடித்து, தம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"மீதி இருபது வருசமும் கம்பெனிக்காரங்க எனக்குச் சால்வை போர்த்திட்டே இருந்தாங்க, அம்மிணி."