மாப்பிள்ளையை மீட்ட மூவர்

தீ மூட்ட மந்திரம் எழுதி வைத்தவர்கள் அணைக்க ஒரு வரிகூட எழுதவில்லை என்று தொடங்க எனக்கு ஆசைதான். தொடங்கினால் யாராவது ஓலைச்சுவடியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆகையால் நேரே கோவில்பட்டிக்குப் போய்விடுவோம். தீக்குச்சிக்குப் பெயர்போன அந்த ஊரில் மூன்று பேர் தீயணைப்பு வீரர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அதில் முரண் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை.

மூத்தவன் இசக்கிராஜ், தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. இரண்டு முறை தேர்வுக்குப் போய், இரண்டு முறையும் கயிறு ஏறுவதில் தோற்றவன். அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவான். நடுவில் கருத்தப்பாண்டி, தானியக் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவன். இளையவன் ரூபன், கல்லூரியில் ஓட்டப்பந்தய வீரன். முதலில் வந்தே பழகியவன்.

நான்கு மாதமாக மூவரும் ஒரே மைதானத்தில் ஓடினார்கள். வேப்பமரத்தில் கட்டிய தேங்காய்நார்க் கயிற்றில் ஏறி உள்ளங்கையை உரித்துக்கொண்டார்கள். கடைசியாக அறுபது கிலோ மணல்மூட்டையைத் தோளில் போட்டு நூறு மீட்டர் நடந்தார்கள். மூட்டைக்குப் பெயர் மாப்பிள்ளை. தூக்கினால் கனப்பார், கீழே போட்டால் கோபித்துக்கொள்வார் என்பது கருத்தப்பாண்டி சொன்ன காரணம். மாப்பிள்ளையைக் கோட்டில் இறக்கியதும் அன்றைய பயிற்சி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

அப்போது ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மதுரையில் ஒரு மாதம் தங்கிப் பயிற்சி பெற ஒரே ஓர் இடம். அங்கே சரியான கயிறு உண்டு, ஏறச் சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு. யாரை அனுப்புவது என்று முடிவு செய்யச் சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். அதே வேப்பமரத்தில் கை உரித்து, மூன்று ஆண்டுக்கு முன் தேர்வாகி, வெளி மாவட்டத்தில் தீயணைப்பு வீரராக இருப்பவர், விடுப்பில் வந்திருந்தார்.

மைதானத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஈர வைக்கோலைப் புகைய விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“உள்ள ஆள் மாட்டியிருக்கறதாத் தகவல். எத்தனை பேருன்னு தெரியாது. ஒவ்வொருத்தனாப் போகணும். முதுகுல மூச்சுக் கருவி இருக்குன்னு வச்சுக்கோங்க, அதுல ரெண்டு நிமிஷத்துக்குத்தான் காத்து. தீர்ந்ததும் விசில் அடிப்பேன். கேட்டா வெளிய வந்துரணும். அடுத்த ஆளு புதுக் காத்தோட உள்ள போவான். வந்ததும் எங்கிட்ட நிலவரம் சொல்லணும்.”

“உள்ள நம்ம மாப்பிள்ளைதானண்ணே?” என்றான் ரூபன்.

“போய் அவருகிட்டயே கேளு.”

ஒருவன் உள்ளே போகும்போது, முறைக்குக் காத்திருப்பவர்கள் எதையும் பார்க்கவோ கேட்கவோ முடியாதபடி தூரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொட்டகை பழையபடி அடுக்கி வைக்கப்படும்.

ரூபன் ஐம்பது நொடியில் மாப்பிள்ளையோடு வந்தான். “உள்ள வேற யாரும் இல்லண்ணே.”

கருத்தப்பாண்டி மாப்பிள்ளையை வெளியே கிடத்திவிட்டு மறுபடி உள்ளே போனான். கிட்டங்கிக்காரன் பரணைப் பார்க்காமல் கதவடைக்க மாட்டான். புகையில் தடவி ஏணியைப் பிடித்தான். விசில் அடித்தது, வரவில்லை. மீண்டும் அடித்தது. இரண்டரை நிமிடத்தில் ஒரு சின்ன மூட்டையை அணைத்துக்கொண்டு, இருமியபடி வந்தான்.

“மாப்பிள்ளைத் தோழன் பரண்ல படுத்திருந்தாப்ல. ரெண்டு பேரையும் எடுத்தாச்சு.”

“விசில் கேக்கலையா?”

“கேட்டுச்சு. தோழனை விட்டுட்டு எப்படிண்ணே வர?”

இசக்கிராஜும் மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனான். சுவரோரமாகத் தவழ்ந்து தரையெல்லாம் துழாவினான். ஏணி கையில் தட்டியது. மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தவன், நூற்றுப்பத்தில் நின்றான். ஏறவில்லை. விசிலுக்கு முன்பே வெளியே வந்தான்.

“ஒருத்தரை எடுத்தாச்சு. தரையில வேற யாரும் இல்ல. இடது மூலையில ஏணி இருக்கு, மேல பரண். நான் ஏறல. அங்க ஆள் இருக்கலாம்.”

ரூபன் சிரித்துவிட்டான். “இருக்கலாமா? ஜோசியம் சொல்ல வந்தீகளாண்ணே?”

ஒவ்வொருவனும் மதுரை தனக்கே என்றான். வேகத்தில் தன்னை யாரும் தொடவில்லை என்றான் ரூபன். இரண்டு உயிரையும் எடுத்தது தான் மட்டும்தான் என்றான் கருத்தப்பாண்டி. இசக்கிராஜ் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, “பாத்ததைச் சொன்னேன். பாக்காததையும் சொன்னேன்” என்றான்.

சுடலைக்கண்ணு ஒரு சீட்டில் ஒரே ஒரு பெயரை எழுதி மடித்தார்.

வாசகரே, நொடிகளையும் மூட்டைகளையும் எண்ணி முடித்துவிட்டீர்களா? எனில் சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி? சீட்டில் யார் பெயர்?

விடை: இசக்கிராஜ். நான்கு மாதம் ஒரே மூட்டையைச் சுமந்த பழக்கத்தில், மாப்பிள்ளை வந்தால் வேலை முடிந்தது என்று ரூபன் நம்பிவிட்டான். ‘யாரும் இல்லை’ என்று அவன் சொன்ன பிறகு அந்தக் கொட்டகைக்குள் எவரும் போக மாட்டார்கள். தோழனைக் கொன்றது புகையல்ல, அந்த வாக்கியம். கருத்தப்பாண்டியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நல்ல மனசு. ஆனால் காற்றுத் தீர்ந்த பின் அரை நிமிடம் உள்ளே இருந்தவன் நிஜத் தீயில் பரணிலேயே விழுந்திருப்பான். அடுத்த ஆள் தோழனோடு அவனையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். இசக்கிராஜ் சொன்னதைக் கேட்ட அடுத்த ஆளோ புதுக் காற்றோடு நேரே இடது மூலைக்குப் போவான். சீட்டைக் கொடுக்கும்போது சுடலைக்கண்ணு, “கயிறு ஏறிருவியாலே?” என்று கேட்டார். “இதுவரைக்கும் ஏறல,” என்றான் இசக்கிராஜ். “ஒரு மாசம் இருக்கு.”