உப்புப் போடாத துண்டு

கனலில் மாட்டுக்கறி சுடுவதில் அந்தப் பக்கத்தில் ஞானப்பூவை மிஞ்ச ஆளில்லை. அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்த வேதமணி வயதில் அவளுக்கு மூத்தவர். ஆனாலும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார். பெண்பிள்ளையை ஆசான் என்பதா என்று சிரித்தவர்கள், அவள் சுட்டதைத் தின்றபிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

வேதமணியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. விருந்தன்று காலையில் அவர் ஆசான் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் சாலமோன் வருகிறாராம். தகப்பனாரை அடக்கம் செய்த அன்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு தடித்து, "இனி உன் வீட்டு உப்பு என் நாக்குல படாது" என்று சொல்லிவிட்டுப் போனவர். அதன்பிறகு தம்பியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மகனோடு இருக்க பம்பாய்க்கே போகிறார். இந்த வயதில் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டு, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிவிடுவார் என்று வேதமணிக்குத் தெரியும்.

"எந்த மசாலா போட்டா அண்ணன் கை நனைப்பாரு, ஆசானே? ஒரு குறையும் வைக்கப்பிடாது."

ஞானப்பூ அம்மியைக் காட்டினாள். வறுத்த மிளகு, மல்லி, பூண்டு, காந்தாரி மிளகாய் எல்லாம் அவரையே அரைக்கச் சொன்னாள். அவர் உப்புக்குக் கை நீட்டியபோது அந்தப் பீங்கான் பரணியைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"மத்த கறிக்கெல்லாம் நீங்க உப்பு போடுங்க. அண்ணனுக்குள்ள துண்டுக்கு வேண்டாம்."

வேதமணிக்குச் சுருக்கென்றது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது ஊருக்கே தெரியும், கடைசியாக வரும் அண்ணன் முன்னால் என் மானம் போகவேண்டுமா என்று கேட்டார். அவள் தேங்காய்ச் சிரட்டைக் கனலை விசிறிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சாலமோன் வந்தார். பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். தம்பி இருந்த பக்கம் பார்க்காமல் வாசலுக்குத் திரும்பினார்.

ஞானப்பூ தட்டோடு எதிரே நின்றாள்.

"இதுல உப்பு போடல அண்ணாச்சி. உங்க வாக்குக்குப் பங்கம் வராது."

அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டார். வேதமணி அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது விள்ளலில் சாலமோன் முகம் சுளித்தார். அவர் சுற்றுமுற்றும் தேடினார்.

"லேய் வேதா, உப்பு எங்கல?"

வேதமணி ஓடினார். கிண்ணம் தேடத் தோன்றாமல் உள்ளங்கையிலேயே அள்ளிக்கொண்டு வந்தார். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அது அன்று யாருக்கும் நினைவில்லை. அண்ணன் தம்பியின் உள்ளங்கையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவிக்கொண்டார். துண்டு முழுவதையும் தின்று முடிக்கும்வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.

எல்லோரும் போனபிறகு வேதமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பருகே வந்தார்.

"ஒரு குறையும் வைக்கப்பிடாதுன்னு நான் சொல்லியும், எந்த தைரியத்துல உப்பு போடாம விட்டீங்க, ஆசானே?"

ஞானப்பூ கனலில் தண்ணீர் தெளித்தாள்.

"குறையே இல்லன்னா, உங்ககிட்ட எதக் கேட்டு அவரு வாயத் தொறப்பாரு, அண்ணாச்சி?"