முந்நூறு பாயிண்டில் கோமதியின் பங்கு

இருட்டியதும் ஹாஸ்டல் வராந்தாவில் தரதரவென்று ஒரு சத்தம். படிப்பு ஹாலில் இருந்த கோமதி எட்டிப் பார்த்தாள். அவளுடைய டிரங்குப் பெட்டியைத்தான் ஆயா வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கல்லூரிக் கூடைப்பந்துக் கோச், அமலோற்பவம் மிஸ்.

"இந்த வருஷம் ஷர்மிளா முந்நூறு பாயிண்ட் போட்டா. நீ ஒண்ணுகூடப் போடல. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல உனக்கு எதுக்குடி ஓசிச் சோறு?"

ஷர்மிளாவை மறிக்க வந்தவர்களுக்கெல்லாம் குறுக்கே நின்று இடி வாங்கியவளுக்கு இந்தப் பேச்சு! ஹாஸ்டல் இடம் போனால் படிப்பும் போச்சு.

"சரி மிஸ். காலையில பிரின்சிபல் மதர் முன்னால நம்ம டீமுக்கும் ஜூனியர்ஸுக்கும் ஒரு ஆட்டம் வைங்க. நானும் பாயிண்ட் போடப் பாக்குறேன். முடியலன்னா போயிடறேன்."

காலையில் கோமதி யாரையும் மறிக்கவில்லை. மூலையில் நின்று பந்துக்குக் கை நீட்டினாள். ஷர்மிளாவுக்குத்தான் பந்தைக் கொடுத்துப் பழக்கமே கிடையாதே! மூன்று பொடிசுகள் அவளை மொய்த்துக்கொண்டன. பத்து நிமிஷத்தில் ஷர்மிளா போட்டது பூஜ்யம்.

"கோமதி, போய் மறிடி!"

"அதுக்குப் பாயிண்ட் கிடையாதே மிஸ்."

ஷர்மிளாவே அலறினாள்: "அவ மறிக்காம நான் எப்படிப் போடுறது?"

மதர் கோச்சைப் பார்த்தார். "அந்தப் பெட்டியை நீங்களே தூக்கிட்டுப் போய் வைங்க."

மூன்று மாடி ஏறிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே நின்ற மிஸ் மூச்சிரைக்கக் கேட்டார்: "நாளைக்கு மேட்சுக்கு வருவேல்ல?"

"யோசிச்சுச் சொல்றேன் மிஸ்" என்று கோமதி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.