கண் திறந்த தியானம்

"கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சா மனசு அமைதியாகும்னு சொன்னீங்க. நாப்பது நாள் ஆச்சும்மா. ஆகலை," என்றார் துரைக்கண்ணு.

அவர் சரக்கு ரயில் ஓட்டுநர். வயது ஐம்பத்து நாலு. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் வண்டியிலிருந்து இறக்கி மேசை வேலை கொடுத்திருந்தார்கள். மாத்திரையோடு தியானமும் பழகச் சொன்னவர் மருத்துவர்.

மலையடிவார ஆசிரமத்தில் தியானம் கற்றுத்தந்த வேதவல்லி, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"மாத்திரை போடுறீங்களா, ஐயா?"

"போடுறேன்."

"நிறுத்திடாதீங்க. கண்ணை மூடினா என்ன வருது?"

"ஒரு அம்மா வர்றாங்க."

"யாரு?"

"ஆடு மேய்க்கிறவங்க. தண்டவாளத்துல நின்ன குட்டியைத் தூக்க ஓடி வந்தாங்க. ஹாரன் அடிச்சேன். பிரேக் போட்டேன். ஐம்பத்தெட்டுப் பெட்டிம்மா. போட்டதும் நிக்கிற வண்டியா அது?"

"அப்புறம்?"

"விசாரணை வச்சாங்க. என்ன வேகம், எங்க ஹாரன் அடிச்சீங்க, எங்க போய் வண்டி நின்னுச்சு, எல்லாம் கேட்டாங்க. எம்மேல தப்பு இல்லேன்னு எழுதிட்டாங்க."

"கேட்காம விட்டது?"

"கிட்ட வந்ததும் அவங்க நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன். இதை எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்லை."

வேதவல்லி ஆறுதல் சொல்லவில்லை.

"நாளையிலிருந்து கண்ணைத் திறந்தே உட்காருங்க."

மறுநாள் முதல் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். துரைக்கண்ணு சுவரைப் பார்த்தார். முற்றத்தில் காயும் துணிகளைப் பார்த்தார். மூச்சு வந்தது, போனது. சில நாள் கண்ணீரும் வந்தது. அவர் துடைக்கவில்லை. வேதவல்லி துடைக்கச் சொல்லவும் இல்லை.

பதினோராம் நாள் பாதியிலேயே எழுந்தார்.

"அந்த அம்மா வீட்டுக்குப் போகணும்மா."

"போய்?"

"தெரியலை."

"சரி. போயிட்டு வாங்க."

மூன்று நாள் கழித்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மக மட்டும்தான் இருக்காங்க. செல்லக்கிளின்னு பேரு. நான் யாருன்னு சொன்னேன். திட்டுவாங்க, விரட்டுவாங்கன்னு நினைச்சுப் போனேன். குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"'கடைசியில எங்கம்மா ரொம்பப் பயந்தாங்களா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'இல்ல தாயி, அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது'ன்னு ஒரு பொய் வாய் வரைக்கும் வந்துருச்சு. ஒரு மூச்சு விட்டேன். அப்புறம், 'என்னைப் பார்த்தாங்க. நான்தான் பயந்து கண்ணை மூடிட்டேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது'ன்னு சொன்னேன்."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு அப்படியே தரையில உட்கார்ந்து அழுதுச்சு. நானும் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. கிளம்புறப்போ சொல்லுச்சு: 'எல்லாரும் வந்தாங்க, ஆறுதல் சொன்னாங்க, போயிட்டாங்க. எங்கம்மாவுக்காக எங்கூட உட்கார்ந்து அழ நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க.'"

வேதவல்லி தலை குனிந்திருந்தார்.

"இன்னும் வலிக்குதும்மா," என்றார் துரைக்கண்ணு. "இந்த வலி எப்பப் போகும்?"

"செல்லக்கிளியைப் பார்க்க மறுபடி எப்பப் போறீங்க?" என்று கேட்டார் வேதவல்லி.