கை முளைக்கும் வரை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியத்தில் விகடம் செய்பவர்கள் ராஜாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நியாயம் மட்டும் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே வடிவாம்பாளிடம் இதைச் சொல்லித்தான் சேர்த்தார்கள். அவள் அதைத்தான் கேட்டாள்.

"அரசே, எல்லப்பன் கைக்கு நியாயம் வேண்டும்."

சபை வெலவெலத்துப் போனது.

விஷயம் இதுதான். மேகம் தொடும் மாடம் ஒன்று திருவிழாவுக்குள் வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. சாரம் கட்டிய கயிறு இற்றுப்போச்சு என்று கொத்தன் எல்லப்பன் முறையிட்டான். "திருவிழா வரைக்கும் தாங்கும், ஏறுடா" என்றார் மேற்பார்வை பார்த்த தண்டபாணியார். தாங்கவில்லை. கயிறு அறுந்து கல்லடியில் நசுங்கிய அவன் இடது கையை வைத்தியர் எடுத்துவிட்டார்.

இப்போது எல்லப்பன் தூணோரம் நின்றான். பக்கத்தில் பச்சைக் குழந்தையோடு அவன் மனைவி.

"பிரபு, அவன் கவனமில்லாமல் ஏறினான்," என்றார் தண்டபாணியார். "போனதும் இடது கைதானே? சோறு உண்ணும் கை பத்திரமாக இருக்கிறது. ஒரு மூட்டை நெல் போதும்."

வடிவுக்கு வயிறு எரிந்தது, முகம் சிரித்தது. "சரிதான், இடது கை எதற்கும் ஆகாது. உங்கள் இடது கையைக் கொஞ்சம் முதுகுக்குப் பின்னால் வையுங்கள், ஐயா."

ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "வையும் ஓய்!"

வடிவு குழந்தையை வாங்கி அவரது வலது கையில் கிடத்தினாள். "தலை நிற்காத பிள்ளை, பத்திரம்." அவள் கை அடியிலேயே இருந்தது. குழந்தையின் தலை லேசாகச் சாய, தண்டபாணியாரின் இடது கை தானாகப் பாய்ந்து வந்து தாங்கியது. அவர் பட்டில் குழந்தை மூத்திரம் பெய்தது. சபை கொல்லென்று சிரித்தது.

"எதற்கும் ஆகாத கை ஓடி வந்துவிட்டதே, ஐயா!"

சிரித்தபடி திரும்பிய ராஜா சட்டென்று நிறுத்தினார். எல்லப்பனும் பதறிக் குழந்தையை நோக்கிக் கை நீட்டியிருந்தான். நீண்டது ஒரு கை. மறுபக்கம் துணிக்கட்டு மட்டும் அசைந்தது.

"என்ன வேண்டும், சொல்," என்றார் ராஜா மெதுவாக.

"அவனுடைய தினக்கூலி, அரசே," என்றாள் வடிவு, குழந்தையைத் திரும்ப வாங்கித் தாயிடம் கொடுத்தபடி. "அது தினமும் அவன் வீட்டு வாசலுக்கு வர வேண்டும்."

தண்டபாணியார் பட்டைப் பிழிந்தபடி துள்ளினார். "காலம் முழுக்கவா? இதற்கு ஒரு கெடு வேண்டும், பிரபு!"

"வைக்கலாமே. போன கை முளைக்கிற வரைக்கும் போதும். முளைத்த மறுநாளே நிறுத்திவிடுங்கள்."

"அது நியாயம்!" என்று தலையாட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்படியே ஆகட்டும். ஆசை என்னுடையது, பாதி நான் தருகிறேன். அலட்சியம் உம்முடையது, மீதி உம்முடையது." கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "வடிவு, இது உனக்கு."

"முத்து வேண்டாம், அரசே. உங்கள் இடுப்புக் கத்தியைக் கொடுங்கள். இற்ற கயிறெல்லாம் இன்னும் சாரத்தில்தான் இருக்கு. நாளைக்கு இன்னொருத்தன் ஏறுவான்."

ராஜா சிரித்துக்கொண்டே கத்தியை நீட்டினார். "அறுத்துவிட்டால் திருவிழாவுக்குள் மாடம் முடியாதே, பெண்ணே!"

"முடியாதுதான்," என்றாள் வடிவு.

தாயின் கையில் இருந்த குழந்தை வடிவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்ல விடுவித்தாள். பிறகு யாரையும் திரும்பிப் பார்க்காமல் கத்தியோடு மாடத்தை நோக்கி நடந்தாள்.